செக்கில் மூன்று பெயர்கள்: டெக்சஸில் ஒரு விபத்தும் லீன் கடிதங்களும்

2024 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒரு செக்கின் படம் வந்தது. 30,000 டாலர். யார் பெயருக்கு என்ற இடத்தில் முதலில் என் மாமியார் பெயர். அதற்குக் கீழே வக்கீல் நிறுவனத்தின் பெயர். அதற்கும் கீழே, அவரை நான்கு நாள் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் பெயர். மூன்று தரப்பும் கையெழுத்துப் போடாமல் அந்தப் பணம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

அடிபட்டது அத்தைக்கு, என் மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். மூன்று விலா எலும்பும் வலது மணிக்கட்டும் உடைந்தது அவருக்கு. நஷ்ட ஈட்டுச் செக்கில் ஆஸ்பத்திரி பெயர் எப்படி வந்தது என்று 2022-ல் என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. பதினான்கு மாதம் இந்தக் காகிதங்களோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் வேலை பார்க்கிறவர்களுக்கும், ஆறு மாத விசாவில் அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்களுக்கும் இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் எங்கள் வீட்டுக் கணக்கையே திறந்து எழுதுகிறேன்.

2022 நவம்பர், சனிக்கிழமை மாலை. இர்விங்கில் ஏக்தா மந்திருக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி ஓட்டியது என் வீட்டுக்காரர், பக்கத்தில் அத்தை, பின்னால் நான். எங்களுக்குப் பச்சை விழுந்து பாதிச் சந்திப்பைத் தாண்டியபோது, சிவப்பில் நிற்காமல் வந்த ஒரு பிக்கப் டிரக் அத்தை உட்கார்ந்திருந்த பக்கமாக இடித்தது. கார் சுழன்று சிக்னல் கம்பத்தில் மோதியது. என் வீட்டுக்காரருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து, தகடு வைத்து ஆபரேஷன். எனக்குக் கழுத்திலும் முதுகிலும் வலி, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தவறு டிரக்காரர் மேல்தான் என்று போலீஸ் ரிப்போர்ட் தெளிவாகச் சொன்னது.

தவறு யார் மேல் என்பது தெளிவாக இருந்தால் பணமும் சுலபமாக வந்துவிடும் என்று நினைத்தோம். டிரக்காரரிடம் இருந்தது டெக்சஸ் சட்டம் கேட்கிற குறைந்தபட்ச பாலிசி. 30/60/25 என்பார்கள்: ஒரு ஆளுக்கு 30,000, ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, வண்டிச் சேதத்துக்கு 25,000. என் வீட்டுக்காரருக்கு 30,000, அத்தைக்கு 30,000 என்று கொடுத்ததோடு அது தீர்ந்துபோனது. எங்களைக் காப்பாற்றியது எங்கள் சொந்த பாலிசியில் இருந்த யு.ஐ.எம். எதிராளியின் இன்சூரன்ஸ் போதாவிட்டால் நம் கம்பெனியே மிச்சத்தைக் கொடுக்கிற பிரிவு அது. ஒரு ஆளுக்கு 1,00,000 வரை எடுத்திருந்தோம். மாதத்துக்குச் சில டாலர் மிச்சம் பிடிப்பதற்காக அதை வெட்டிவிடலாமா என்று முந்தின வருடம்தான் பேசிக்கொண்டிருந்தோம். வெட்டாமல் விட்டோம்.

சரி, செக்கில் ஆஸ்பத்திரி பெயரைக் கொண்டுவந்த லீன் என்றால் என்ன? சட்டத் தமிழில் பற்றுரிமை என்பார்கள். உங்கள் காயத்துக்கு வைத்தியம் செய்தவரோ, அந்த வைத்தியத்துக்குப் பணம் கட்டியவரோ, எதிராளியிடமிருந்து உங்களுக்கு வரப்போகிற நஷ்ட ஈட்டின் மேல் முன்கூட்டியே கை வைத்துக்கொள்கிற உரிமை. நான் இதை அத்தைக்கு விளக்க அரை மணி நேரம் திணறினேன். அம்பாசமுத்திரத்தில் நெல் விளைவித்த குடும்பம் அவருடையது. கேட்டுவிட்டு, "அட, கடங்கொடுத்தவன் களத்துல வந்து நின்னு அளந்துட்டுப் போவாம்லா, அதானம்மா இது" என்றார். அதேதான். நெல் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் களத்திலேயே அளந்து எடுத்துக்கொள்வது. எத்தனை பேர் களத்தில் வந்து நிற்பார்கள், யாருக்கு எந்த மரக்கால், அதைத்தான் நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் களத்தில் நான்கு விதமான ஆட்கள் வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரருடைய கம்பெனி ஹெல்த் பிளான், அத்தையைச் சேர்த்த ஆஸ்பத்திரி, அத்தைக்கு எடுத்திருந்த விசிட்டர் இன்சூரன்ஸ், எனக்குக் கழுத்தையும் முதுகையும் கையால் அழுத்தி வைத்தியம் பார்த்த கைரோபிராக்டிக் கிளினிக். பேச்சில் எல்லாவற்றையும் லீன் என்றே சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கிற சட்டம் வேறு. அந்த வித்தியாசத்தில்தான் ஆயிரக்கணக்கான டாலர் இருக்கிறது.

முதலில் என் வீட்டுக்காரருடையது. விபத்து நடந்து மூன்று வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. "உங்கள் சிகிச்சை விபத்தினால் ஏற்பட்டதா? வேறு யாராவது பொறுப்பா? வக்கீல் வைத்திருக்கிறீர்களா?" என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். விளம்பரக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போட இருந்தார். அது, ஹெல்த் பிளான் கட்டின பணத்தைத் திரும்ப வசூலிக்க வைத்திருக்கிற ஏஜென்சியின் கடிதம். பதில் போடாவிட்டால் பிளான் அடுத்தடுத்த பில்களை நிறுத்திவைக்கக்கூடும். அதே சமயம் விபத்தைப் பற்றி மனம்போனபடி எழுதி அனுப்பிவிடவும் கூடாது. எங்கள் வக்கீல் மூலம் பதில் போனது.

ஆபரேஷனுக்கும் மற்றதுக்கும் ஆஸ்பத்திரி போட்ட பில் 1,12,000 டாலர். ஒப்பந்த விலைப்படி பிளான் கட்டியது 38,600. அந்த 38,600-ஐத்தான் திருப்பிக் கேட்டார்கள், முழுசாக.

இங்கேதான் நாங்கள் பெரிய பாடம் படித்தோம். அவருடைய கார்டில் நாடறிந்த ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் முத்திரை இருக்கிறது. ஆகவே பணம் கட்டுவது அந்தக் கம்பெனி என்றுதான் பத்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பலவும் ஊழியர்களின் வைத்தியச் செலவைத் தங்கள் சொந்தப் பணத்திலிருந்தே கொடுக்கின்றன. இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கு வழக்கு பார்க்கிற ஏஜென்ட் மட்டும்தான். செல்ஃப் ஃபண்டட் பிளான் என்பது இதைத்தான். இப்படிப்பட்ட பிளான்களை ஆள்வது 1974-ல் வந்த எரிசா என்கிற மத்திய சட்டம். மாநிலச் சட்டம் தருகிற பாதுகாப்பு இவற்றிடம் செல்லாது என்று 1990-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அதனால் என்ன நஷ்டம் என்றால், டெக்சஸில் 2014-லிருந்து ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. சாதாரண இன்சூரன்ஸ் பிளானாக இருந்தால், வக்கீல் வைத்திருப்பவரின் மொத்த நஷ்ட ஈட்டில் பாதி, அல்லது அவர்கள் கட்டிய தொகை, இரண்டில் எது குறைவோ அதிலிருந்து வக்கீல் செலவில் அவர்கள் பங்கையும் கழித்துக்கொண்டுதான் வாங்க முடியும். அதைவிட முக்கியம், நீங்களோ உங்கள் குடும்பமோ பிரீமியம் கட்டி எடுத்த சொந்த யு.ஐ.எம். பணத்தைத் தொடவே முடியாது. அவருக்கு எதிராளியின் பாலிசியிலிருந்து 30,000, எங்கள் யு.ஐ.எம்.-லிருந்து 70,000, ஆக 1,00,000 கிடைத்தது. சாதாரண பிளானாக இருந்திருந்தால் அந்த 70,000 பத்திரம். எங்களுடையது செல்ஃப் ஃபண்டட் என்பதால் முழு 1,00,000-மும் அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

உங்கள் பிளான் எந்த வகை என்று இப்போதே, விபத்து எதுவும் நடக்காதபோதே, பார்த்துவைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். ஹெச்.ஆர். கொடுக்கிற பிளான் சுருக்கக் கையேட்டில் கடைசிப் பக்கங்களில் எழுதியிருக்கும். இல்லையென்றால், நிறுவனங்கள் ஆண்டுதோறும் அரசுக்குத் தாக்கல் செய்கிற ஃபார்ம் 5500 தொழிலாளர் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நிதி ஏற்பாடு என்ற இடத்தில் இன்சூரன்ஸ் என்று டிக் அடித்திருக்கிறதா, நிறுவனத்தின் பொது நிதி என்று அடித்திருக்கிறதா என்று பார்த்தாலே ஓரளவு புரிந்துவிடும்.

வசூல் ஏஜென்சி எங்களுக்கு அனுப்பியது கையேட்டின் ஒரே ஒரு பக்கம். "வக்கீல் கட்டணத்துக்காக எந்தக் கழிவும் கிடையாது" என்று அதில் இருந்தது. வக்கீல் அதோடு விடவில்லை. முழு பிளான் ஆவணத்தையும் எழுத்துமூலமாகக் கேட்டு பிளான் நிர்வாகிக்கு, அதாவது அவருடைய நிறுவனத்துக்கே, பதிவுத் தபாலில் கடிதம் போட்டார். கேட்டால் கொடுத்தாக வேண்டும். 30 நாளில் கொடுக்காவிட்டால் நீதிமன்றம் நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் போடலாம். ஏஜென்சியிடம் கேட்டால் இந்தக் கெடு ஓடாது, நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரித் தோன்றும். இதில் தவறவிட்டவர்களை எனக்கே தெரியும்.

27-ஆம் நாள் ஆவணம் வந்தது, 140 சொச்சம் பக்கம். வக்கீல் கட்டணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. கையேடு என்பது சுருக்கம்தான், அதுவே பிளான் ஆகிவிடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் செலவைப் பற்றி பிளான் மௌனமாக இருந்தால், அந்தப் பணத்தை வாங்கித்தந்த செலவில் பிளானும் தன் பங்கைச் சுமக்க வேண்டும் என்று 2013-ல் இன்னொரு தீர்ப்பு. ஒரு விமான நிறுவனத்தின் பிளானுக்கும் அதன் மெக்கானிக்குக்கும் நடந்த வழக்கு அது. எழுதியிருந்தால் எழுதியதுதான் செல்லும், நியாயம் பேச இடமில்லை என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். எங்கள் அதிர்ஷ்டம், எழுதவில்லை.

ஆவணம் வருவதற்குக் காத்திருந்த நாட்களில் நான் ஒரு வேலை செய்தேன். பிளான் என்னென்னவற்றுக்குப் பணம் கட்டியது என்று வரிவரியாக ஒரு பட்டியல் கேட்டு வாங்கினோம். 46 வரி. சமையலறை மேஜையில் பரப்பிவைத்து, காலண்டரையும் அவருடைய மருந்துச் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பச்சை மார்க்கரால் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டேன். 19-ஆம் வரியில் ஒரு கண் பரிசோதனை. அவருக்குச் சர்க்கரை உண்டு, வருடா வருடம் விழித்திரை பார்ப்பார். அது காலோடு சேர்ந்துவிட்டது. சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை மூன்று முறை. ஒரு தோல் டாக்டர். இப்படி 2,180 டாலர் விபத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. யாரும் திட்டமிட்டு ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். விபத்துத் தேதிக்குப் பின்னால் வந்த எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் அள்ளிப் போட்டிருக்கும். ஆனால் பார்த்துச் சொல்ல வேண்டியது நாம்தான். வக்கீலுக்கு அவருடைய சர்க்கரையைப் பற்றி எப்படித் தெரியும்?

38,600-ல் 2,180 போக 36,420. எங்கள் வக்கீலின் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு என்பதால் அதே பங்கை இதிலும் கழித்து, கடைசியில் பிளானுக்குக் கொடுத்தது 24,280. வக்கீலுக்கு 33,333, ரிப்போர்ட் வாங்கிய செலவு 1,450. என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது 40,937. முதல் கடிதத்தில் கேட்டதை அப்படியே கொடுத்திருந்தால் 26,617 வந்திருக்கும்.

நடுவில் தெரிந்தவர் ஒருவர் அக்கறையோடு ஒரு யோசனை சொன்னார். "பணம் வந்த உடனே ஊருக்கு அனுப்பிடுங்க, அப்புறம் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது." இந்தப் பேச்சுக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல முடியாது. தடம் தெரியாமல் செலவாகிவிட்ட பணத்துக்காக ஆளின் மற்ற சொத்துகளைப் பிளான் பிடிக்க முடியாது என்று 2016-ல் ஒரு தீர்ப்பு உண்டு. ஆனால் ஊரில் டெபாசிட்டாகவோ மனையாகவோ கிடக்கிற பணம் செலவான பணம் இல்லை, தடம் தெரிகிற பணம். அதோடு, திருப்பித் தராதவர்களின் அடுத்த வைத்தியச் செலவில் பிடித்துக்கொள்வோம் என்றும் பல பிளான்களில் எழுதியிருக்கும். வேலையும் விசாவும் அதே நிறுவனத்தில் இருக்கும்போது இந்த விளையாட்டு வேண்டாம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அத்தை விஷயம் இதைவிடக் கடினமாக இருந்தது. அவருக்கு நாங்கள் எடுத்திருந்தது விலை குறைந்த ஃபிக்ஸட் பெனிஃபிட் விசிட்டர் பாலிசி. ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இவ்வளவு, டாக்டர் வந்து பார்த்தால் இவ்வளவு என்று ஒரு பட்டியல் இருக்கும், அதற்கு மேல் தரமாட்டார்கள். 50,000 டாலர் கவரேஜ் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்து எடுத்தோம். ஆஸ்பத்திரி பில் 74,800. பாலிசி கொடுத்தது 7,150. மிச்சம் 67,650 டாலர், அறுபத்தாறு வயதில் மகன் வீட்டுக்கு வந்த ஒரு அம்மாவின் தலையில். அந்தக் காகிதத்தைப் பார்த்த அன்று ராத்திரி அத்தை சாப்பிடவில்லை. "நா வராமலே இருந்திருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். எனக்கு அதைவிட வலித்தது எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரி அந்தத் தொகைக்கு டல்லாஸ் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கிளார்க் அலுவலகத்தில் லீன் பதிவு செய்தது. டெக்சஸில் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது, சொத்துச் சட்டத்தின் 55-ஆம் அத்தியாயம். விபத்து நடந்து 72 மணி நேரத்துக்குள் சேர்க்கப்பட்டவருக்குத்தான் இந்த லீன் பொருந்தும். செட்டில்மென்ட் பணம் கைமாறுவதற்கு முன்னால் கவுண்டியில் பதிவாகியிருக்க வேண்டும். அப்படிப் பதிவாகிவிட்டால், ஆஸ்பத்திரிக்குக் கொடுக்காமல், இனி எதுவும் கேட்கமாட்டோம் என்று எதிராளிக்கு எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் செல்லாது. அதனால்தான் எதிராளியின் இன்சூரன்ஸ் கம்பெனி பயந்துகொண்டு ஆஸ்பத்திரி பெயரையும் செக்கில் சேர்த்துவிட்டது. உங்கள் பெயரில் லீன் இருக்கிறதா என்று கவுண்டி கிளார்க்கின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். நான் அத்தையின் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடினேன். பாஸ்போர்ட்டில் மாமா பெயர் கடைசிப் பெயராக இருக்கிறது, ஆஸ்பத்திரியில் அதையே முதல் பெயராகப் பதிந்திருந்தார்கள். நம் ஆட்களுக்கு இந்தப் பெயர்க் குழப்பம் கட்டாயம் வரும்.

இந்தச் சட்டத்தில் நமக்குச் சாதகமாக மூன்று விஷயம் இருக்கிறது. லீன் தொகை எவ்வளவு இருந்தாலும், கிடைத்த நஷ்ட ஈட்டில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரி எடுக்க முடியாது. அத்தையின் 30,000-ல் 15,000 என்பதே உச்சம். இரண்டாவது, நம் சொந்த பாலிசிப் பணத்தில், அதாவது யு.ஐ.எம்.-லும், தவறு யார் மேல் என்று பார்க்காமல் நம் கம்பெனி வைத்தியச் செலவுக்குக் கொடுக்கிற பி.ஐ.பி.-யிலும், இந்த லீன் ஒட்டாது. எங்கள் காரில் உட்கார்ந்திருந்ததால் அத்தைக்கும் எங்கள் யு.ஐ.எம்.-லிருந்து 35,000 கிடைத்தது. அந்தச் செக்கில் ஆஸ்பத்திரி பெயர் இல்லை. மூன்றாவது, நியாயமான, வழக்கமான கட்டணத்துக்கு மேல் போட்டது லீனில் சேராது. இன்சூரன்ஸ் கம்பெனிகளிடமும் அரசுத் திட்டங்களிடமும் அதே வேலைக்கு அந்த ஆஸ்பத்திரி எவ்வளவு வாங்குகிறது என்பதை இதற்கு ஆதாரமாகக் கேட்கலாம் என்று 2018-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வக்கீல் தன் கடிதத்தில் இந்தத் தீர்ப்பைச் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரியின் பில்லிங் ஆட்கள் பேசவே ஆரம்பித்தார்கள்.

ஆனால் பாதி என்கிற அந்த வரம்பு லீனுக்கு மட்டும்தான். கடனுக்கு இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. 15,000 வாங்கிக்கொண்டு லீனை விடுவித்துவிட்டு, மீதிப் பணத்துக்காக ஆஸ்பத்திரி நோயாளியைத் தனியாகத் துரத்தலாம். ஆகவே லீனை விடுவிக்கிற கடிதம் போதாது. "இந்தத் தொகையோடு கணக்கு முழுவதும் தீர்ந்தது, பாக்கி பூஜ்யம்" என்று கணக்கு எண்ணோடு எழுதி வாங்க வேண்டும், பணம் போவதற்கு முன்னால்.

வரி வாரியான பில்லையும் கேட்டு வாங்கினோம். முதலில் வந்தது ஒரு பக்கச் சுருக்கம். ரேடியாலஜி, மருந்து, அறை என்று ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு தொகை. மறுபடி கேட்டோம், பதினோரு பக்கம் வந்தது. அதில் ஒரே நாளில், ஒரே நேரக் குறிப்போடு, தலைக்கு சி.டி. ஸ்கேன் இரண்டு முறை. 4,180 டாலர் குறைத்தார்கள், பாக்கி 63,470 ஆனது. கடைசியில் 13,500-க்கு முழுக் கணக்கும் தீர்ந்ததாக எழுதிக் கொடுத்தார்கள். எமர்ஜென்சி டாக்டர் குழுவின் பில் தனி, அது 2,300-லிருந்து 1,200-க்கு வந்தது. விசிட்டர் இன்சூரன்ஸும் தன் 7,150-ஐக் கேட்டது. வக்கீல் செலவு கழித்து 4,767 கொடுத்து முடித்தோம். மொத்தம் 65,000-ல் வக்கீலுக்கு 21,667, செலவு 900, இதெல்லாம் போக அத்தைக்கு 22,966 டாலர்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். விசா கணக்குப்படி அத்தை 2023 ஏப்ரலில் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. செட்டில்மென்ட் நடந்தது அடுத்த ஜனவரியில். அவர் கிளம்புவதற்கு முந்தின வாரம் இங்கேயே நோட்டரி முன்னால் என் வீட்டுக்காரர் பெயருக்கு ஒரு பவர் எழுதி வாங்கிவைத்திருந்தோம். பத்திரத்தில் கையெழுத்துப் போடவும், செக்கை எண்டார்ஸ் செய்யவும், ஆஸ்பத்திரியோடு பேசவும் அதில் அதிகாரம் இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் மணிக்கட்டு சரியாகாத ஒரு அம்மா, ஒவ்வொரு காகிதத்துக்கும் திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் அலைந்திருப்பார்.

என் கதை சின்னது, ஆனால் கோபம் அதில்தான் அதிகம். கழுத்து வலிக்கு எங்கள் பிளானிலேயே பிசியோதெரபி கிடைத்திருக்கும். "இப்போ ஒண்ணும் கட்ட வேண்டாம், கேஸ் முடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று சொன்ன ஒரு கிளினிக்குக்குப் போனேன். லெட்டர் ஆஃப் புரொடெக்‌ஷன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். செட்டில்மென்டிலிருந்து கிளினிக்குக்குக் கட்டுவேன் என்கிற ஒப்பந்தம் அது. இதற்கு ஆஸ்பத்திரி லீன் மாதிரிப் பாதி என்கிற வரம்பு கிடையாது, பிளானின் ஒப்பந்த விலையும் கிடையாது. பதினோரு வாரத்துக்கு 8,900 டாலர் பில். எனக்கு யு.ஐ.எம்.-லிருந்து கிடைத்தது 14,000. வக்கீலுக்கு 4,667 போக 9,333. கிளினிக் கேட்டதைக் கொடுத்திருந்தால் மிச்சம் 433 டாலர். பேசிப் பேசி 5,200-க்கு இறங்கினார்கள். இன்சூரன்ஸே இல்லாதவர்களுக்கு இந்த ஏற்பாடு ஒரு வழிதான், அதை நான் மறுக்கவில்லை. கையில் நல்ல பிளான் இருக்கிறவர்கள் எதற்காக இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்? என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை. வக்கீலும் முன்கூட்டியே சொல்லவில்லை, அவர் செய்த மற்ற நல்ல வேலைகளோடு இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. நம் சொந்த யு.ஐ.எம்.-லிருந்து வாங்கப்போகிறோம் என்றால், எதிராளியின் கம்பெனியோடு கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நம் கம்பெனியின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். பாலிசியிலேயே அந்த நிபந்தனை இருக்கும். அவசரத்தில் முதல் செக்கை வாங்கிவிட்டு இரண்டாவதற்குச் சண்டை போடுகிற நிலை வரக்கூடாது.

இது டெக்சஸ் கணக்கு. நியூ ஜெர்சியில் சாதாரண ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இப்படித் திருப்பிக் கேட்கவே முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2001-ல் சொல்லியிருக்கிறது. கலிஃபோர்னியாவில், வக்கீல் வைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் எடுக்க முடியாது. செல்ஃப் ஃபண்டட் பிளானுக்கு மட்டும் இந்த மாநிலப் பாதுகாப்புகள் எங்கும் தடையில்லை. கிரீன் கார்டோ குடியுரிமையோ வாங்கி மெடிகேரில் (அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கான மத்திய அரசு இன்சூரன்ஸ்) இருக்கிற பெற்றோர் என்றால் 1980-லிருந்து இருக்கிற மத்திய சட்டம் பொருந்தும். மெடிகேர் கட்டியதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும், வக்கீல் செலவில் அதன் பங்கை அதுவே கழித்துக்கொள்ளும். இறுதிக் கோரிக்கைக் கடிதம் வந்து 60 நாள் தாண்டினால் வட்டி ஏறும். அந்தக் கடிதத்தை மட்டும் மேஜையில் கிடப்பில் போட்டுவிடாதீர்கள்.

2024 டிசம்பரில், எல்லாம் முடிந்து பதினோரு மாதம் கழித்து, ஒரு கலெக்‌ஷன் ஏஜென்சி அத்தை பெயருக்குக் கடிதம் அனுப்பியது. பாக்கி 49,970 டாலர். 63,470-ல் 13,500 போன மீதி, டாலர் பிசகாமல். ஆஸ்பத்திரியின் ஒரு பிரிவு எழுதிக் கொடுத்தது இன்னொரு பிரிவுக்குப் போய்ச் சேரவில்லை. கை நடுங்கத்தான் செய்தது. இந்தக் காகிதங்களையெல்லாம் வைத்திருந்த நீல ஃபோல்டரை எடுத்து, பாக்கி பூஜ்யம் என்று எழுதியிருந்த கடிதத்தையும், இந்தக் கடனை மறுக்கிறோம் என்று நான்கு வரியையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால், கடனை நிரூபிக்கும்வரை வசூலை நிறுத்தியாக வேண்டும். மூன்றாவது வாரம், கணக்கை மூடிவிட்டதாக ஒற்றைத் தாளில் பதில் வந்தது.

அன்று ராத்திரி, அங்கே விடிந்திருக்கும் என்று பார்த்து, அத்தைக்கு போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கடுதாசியப் பத்திரமா வையி தாயி" என்றார். ஃபோல்டரில்தான் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக. அடுத்த மே மாதம் வருகிறார். இந்த முறை, பட்டியல் போட்டு அளக்காமல் பில்லில் பெரும்பகுதியைக் கொடுக்கிற காம்ப்ரிஹென்சிவ் பாலிசி எடுத்தாகிவிட்டது.